தகர மூடி, செம்பு, கல், சீட்டு: சின்ன ஆயில் ஓவியத்துக்கு எதில் என்ன அடிப்பூச்சு?

சின்னச்சட்டம் (கேள்வி)

உள்ளங்கை அளவு ஆயில் ஓவியங்கள் பத்துப் பன்னிரண்டு வரைந்து, ஓவிய நண்பர்களோடு தபாலில் மாற்றிக்கொள்ள ஏற்பாடு. கான்வாஸ் வேண்டாம், கான்வாஸ் போர்டும் வேண்டாம் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். என்னிடம் உள்ளவை: மிட்டாய் டப்பா மூடிகள் (வெளியே அச்சுப் படம், உள்ளே பொன்னிற லாக்கர் பூச்சு), 0.5 மி.மீ. செம்புத் தகடு, ஒரு துண்டு ஜிஐ ஷீட் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு), கிளையைக் குறுக்கே அறுத்த மர வில்லைகள், தட்டையான ஆற்றுக்கல், பழைய நோட்டு அட்டை, ஒரு சீட்டுக்கட்டு.

மூன்று சந்தேகங்கள்.

எல்லாவற்றுக்கும் அக்ரிலிக் கெஸ்ஸோ (தண்ணீரில் கரையும் வெள்ளை அடிப்பூச்சு) இரண்டு கோட் போட்டால் போதுமா, இல்லை ஒவ்வொன்றுக்கும் தனி வைத்தியமா?

ஜிஐ துண்டில் அடிப்பூச்சு இல்லாமல் நேரே போட்ட வண்ணம் நன்றாகக் காய்ந்துவிட்டது, ஆனால் ஓரத்தில் நகம் பட்டால் பால் ஆடை மாதிரி முழுசாகக் கிளம்பி வருகிறது. காய்ந்த பிறகும் ஏன் பிடிக்கவில்லை?

முடித்து எத்தனை நாள் கழித்துப் பொட்டலம் கட்டலாம்? வார்னிஷ் அடித்துத்தான் அனுப்ப வேண்டுமா?

---

ஆளிவிதை

தனி வைத்தியம்தான். ஆயில் வண்ணம் தண்ணீர் வற்றிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி இறுகுகிறது. அதனால் மேலே காய்ந்திருப்பதும் அடியில் பிடித்திருப்பதும் வேறு வேறு விஷயம். நன்றாக இறுகிய படலம் அடியில் எதையும் பற்றாமல் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

முதலில் ஜிஐ. புதுத் தகட்டில் துரு பிடிக்காமலிருக்க ஆலையிலேயே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலமோ இரசாயனப் பூச்சோ போட்டிருப்பார்கள். வண்ணம் அதன்மேல் உட்காருகிறது, உலோகத்தின்மேல் அல்ல. அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டாலும் பிரச்சினை தீராது. துத்தநாகம் எண்ணெயின் கொழுப்பமிலங்களோடு வினைபுரிந்து இரண்டுக்கும் நடுவே ஒருவகைச் சோப்பை உண்டாக்கும். சோப்புப் படலத்தின்மேல் எது நிற்கும்? ஆயில் பிரைமரும் அல்கைட் (எண்ணெய் சேர்த்த செயற்கைப் பிசின்) பிரைமரும் அதே எண்ணெய்க் குடும்பம் என்பதால் அவையும் காலப்போக்கில் உரியும். இவ்வளவு நல்ல பரப்புகள் கையில் இருக்கும்போது ஜிஐயோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. பரப்பில் வெள்ளியும் சாம்பலுமாகப் படிகக் கோலம் தெரிந்தால் அது ஜிஐ. மிட்டாய் டப்பாத் தகரத்தில் அது இருக்காது. காந்தம் இரண்டிலும் ஒட்டும், அதை வைத்துப் பிரித்தறிய முடியாது.

டப்பா மூடி. உள்பக்க லாக்கரைச் சுரண்டி எடுக்காதீர்கள், தகரத்தைத் துருவிலிருந்து காப்பது அதுதான். பளபளப்பு மட்டும் போகும்வரை 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பாத்திரம் துலக்கும் சோப்பால் கழுவி, உடனே ஈரம் ஒற்றி, கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். துணியில் பொன்னிறம் ஏறினால் லாக்கர் கரைகிறது என்று பொருள். அப்போது ஆல்கஹாலை விட்டுவிட்டுச் சோப்பு நீரோடு நிறுத்திக்கொள்ளவும். அதன்மேல் அல்கைட் மெட்டல் பிரைமரோ ஓவியர்களுக்கான ஆயில் பிரைமரோ இரண்டு மெல்லிய கோட், முதல் கோட் இடவலமாக, இரண்டாவது மேல்கீழாக. இடையில் 24 மணி நேரம். பிறகு ஒரு வாரம் அப்படியே விட்டு, 400 நம்பரால் லேசாகத் தேய்த்தால் வரையத் தயார்.

ரெட் ஆக்சைடு பிரைமரும் இதற்குப் பொருந்தும். அந்தச் செங்காவியை அடித்தொனியாக வைத்துக்கொண்டு நிழலுள்ள இடங்களில் அதை அப்படியே விட்டுவிட்டால், சின்னப் படத்தில் பாதி வேலை மிச்சம்.

மூடியில் துரு தொடங்குவது நடுவில் அல்ல, விளிம்பு சுருண்டு மடிந்திருக்கும் கோட்டில். அங்கே லாக்கர் வெடித்திருக்கும், கழுவிய தண்ணீரும் தங்கும். கழுவியதும் மூடியைக் கவிழ்த்து ஒரு நாள் விடுங்கள். மெல்லிய தூரிகை நுனியால் அந்த மடிப்புக்குள்ளும் பிரைமரை ஓட்டிவிடுங்கள்.

செம்பு. உங்களிடம் உள்ளவற்றில் வரலாறு உள்ள பரப்பு இதுதான். ஜெர்மானிய ஓவியர் ஆடம் எல்ஸ்ஹைமர் 1609-இல் வரைந்த ‘எகிப்துக்குத் தப்பிச் செல்லுதல்’ செம்புத் தகட்டில் ஆயில், இப்போது மியூனிக்கில் இருக்கிறது. அகலம் 41 செ.மீ. மட்டுமே. அந்த இரவு வானத்து நட்சத்திரப் பொடிகளை நெசவுள்ள துணியில் அவ்வளவு நுணுக்கமாக வைக்க முடியாது. செம்பு ஈரத்துக்கு ஊதுவதோ சுருங்குவதோ இல்லை என்பதால் வெடிப்பும் குறைவு.

320 நம்பரால் சின்னச் சின்ன வட்டங்களாகத் தேய்த்து, 400-ஆல் முடித்து, ஆல்கஹாலால் துடைக்கவும். துணி கறுப்பாக வருவது நிற்கும்வரை புதுத் துணியால் துடைத்துக்கொண்டே இருக்கவும். அதன்பின் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். விரல் வியர்வையின் உப்பு அடியில் சிக்கினால் அந்த ரேகை வடிவிலேயே பின்னால் கறை எழும். துடைத்த அன்றே முதல் கோட் போட்டுவிடவும். டைட்டானியம் ஒயிட் ஆயில் வண்ணத்தில் துளி அம்பர் (மண் பழுப்பு நிறம்) கலந்து, தூரிகைத் தடம் தெரியாமல் ஸ்பாஞ்சால் ஒற்றி, மெல்லியதாக. இந்த அடிப்பூச்சைத் தவிர்த்துக் கண்ணாடிபோன்ற மெல்லிய வண்ணத்தை நேரே செம்பில் போட்டால் எண்ணெயிலுள்ள அமிலம் செம்போடு சேர்ந்து வெளிர் நிறங்கள் பச்சை அடிக்கும். களிம்பு ஏறும் அதே கதைதான்.

0.5 மி.மீ. தகடு 10 செ.மீ. வரை தாங்கும். அதற்கு மேல் போனால் வளையும், தகடு ஒருமுறை வளைந்தாலே வண்ணம் வெடித்துவிடும். பெரிதாக வேண்டுமென்றால் 3 மி.மீ. எம்டிஎஃப் பலகையில் ஒட்டிவிட்டு வரையவும். பின்பக்கம் திறந்திருந்தால் அங்கும் ஒரு கோட் வார்னிஷ், களிம்பு ஏறாமலிருக்க.

---

பழைய_தகரம்

மேலே சொன்னதெல்லாம் சரி. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன். அக்ரிலிக் உலோகத்துல நிக்கவே நிக்காதுன்னு பொதுவா ஒரு பேச்சு இருக்கு. சாதா கெஸ்ஸோவுக்குத்தான் அது பொருந்தும். அதுல சுண்ணாம்புப் பொடி ஜாஸ்தி, பிசின் கம்மி. துணி, பேப்பர், மரம்னா துளைக்குள்ள இறங்கிப் பிடிச்சுக்கும். வழவழப்பான தகரத்துல இறங்க இடமே கிடையாது. அதோட, வெறும் இரும்பு தெரியற இடத்துல கெஸ்ஸோவோட தண்ணி பட்டா, காயறதுக்குள்ளயே பழுப்புப் புள்ளி எழுந்துடும். உலோகத்துக்குன்னே தண்ணி அடிப்படையில பிரைமர் தனியா வருது, அது வேற சரக்கு.

எந்தப் பிரைமரா இருந்தாலும் யார் சொல்றதையும் நம்பாம கட்டச் சோதனை பண்ணிடுங்க. அதே தகரத்துல ஒரு கழிவுத் துண்டு எடுத்து, அதே மாதிரி தேய்ச்சுப் பிரைமர் அடிச்சு ஒரு வாரம் விடுங்க. புது பிளேடால 2 மி.மீ. இடைவெளியில ஆறு கோடு, அதுக்குக் குறுக்கே ஆறு கோடு, உலோகம் தெரியற ஆழத்துக்குக் கீறுங்க. நடுவுல 25 சின்னக் கட்டம் வரும். அதுமேல நல்ல டேப்பை ஒட்டி, அழிரப்பரால அழுத்தித் தேய்ச்சு, ஒரு நிமிஷம் கழிச்சு டேப்பை மடக்கி வெடுக்குனு இழுங்க. கோட்டோரம் மட்டும் பொடி வந்தா பாஸ். முழுக் கட்டமா டேப்போட வந்தா, தேய்ச்சது பத்தலை இல்லேன்னா எண்ணெய்ப் பிசுக்கு போகலை. பத்துல எட்டுத் தடவை பிசுக்குதான்.

செம்புக்குப் பூண்டைத் தேய்க்கணும்னு பழைய செய்முறைகள்ல வரும். பூண்டுச் சாறு லேசான பசை, அவ்வளவுதான். உப்புத்தாளுக்கு அது மாற்று இல்லை. ரெண்டும் பண்ணாலும் தப்பில்லை, தேய்க்காம பூண்டு மட்டும்னா வேண்டாம்.

---

சின்னச்சட்டம்

ஜிஐயை ஒதுக்கிவிட்டேன். சீட்டிலும் நோட்டு அட்டையிலும் வண்ணத்தைச் சுற்றி எண்ணெய் கசிந்து வளையம் விழுகிறதே, அதற்கு என்ன செய்வது? மரவில்லை, கல் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

மூன்றாம்_பூச்சு

அந்த வளையம் வெறும் அழகுக் குறை என்று நினைக்க வேண்டாம். காகிதம் வண்ணத்திலிருந்து எண்ணெயை உறிஞ்சுகிறது. மேலே நிறமிப் பொடி பிசின் இல்லாமல் மங்கி நிற்கும், விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வரும். உள்ளே போன எண்ணெய் காகித நாரைப் பல ஆண்டுகளில் பழுப்பாக்கி நொறுங்க வைக்கும். எனவே நாருக்கும் எண்ணெய்க்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டும். சாதா அக்ரிலிக் கெஸ்ஸோவுக்கு ஏற்ற இடம் இதுதான்.

நோட்டு அட்டையில் முதலில் அக்ரிலிக் மீடியம் (நிறமி சேராத அக்ரிலிக் பிசின்) ஒரு கோட், முன்னும் பின்னும் விளிம்பிலும். விளிம்பை மறந்துவிடுகிறார்கள், எண்ணெய் அங்கிருந்துதான் அட்டையின் அடுக்குகளுக்குள் இறங்கும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் அட்டை அந்தப் பக்கமாக வளையும், அதனால் பின்பக்கமும் கட்டாயம். பிறகு கெஸ்ஸோ இரண்டு கோட். கெஸ்ஸோ அரை மணியில் தொடக் காய்ந்தாலும் உள்ளே தண்ணீர் இருக்கும், ஆயில் போடுவதற்கு முன் 3 நாள் விடுங்கள். போதுமா என்று பார்க்க, ஒரு மூலையில் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் வைத்து மறுநாள் பின்பக்கத்தைப் பாருங்கள். கறை தெரிந்தால் இன்னொரு கோட்.

சீட்டுக்கட்டுக்கும் இதே முறை. ஆனால் மேலே வழவழப்புப் பூச்சு இருப்பதால் 320 நம்பரால் மினுமினுப்பு முழுக்கப் போகும்வரை தேய்க்க வேண்டும். முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆன சீட்டுகளும் உண்டு. ஒரு மூலையைக் கிழித்துப் பாருங்கள், வெள்ளை நார் தெரியாவிட்டால் அந்தக் கட்டை விளையாட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிக்கொள்வதற்கு இது இயல்பான அளவும்கூட. 1997-இல் சூரிச்சில் தொடங்கிய ஓவியப் பரிமாற்றச் சீட்டுகளின் அளவு 64 × 89 மி.மீ., சேகரிப்பவர்களின் உறைகள் எல்லாம் அந்த அளவுக்குத்தான் கிடைக்கும். அங்கே விற்பனை கிடையாது, மாற்றிக்கொள்வது மட்டும்தான் விதி. ஆனால் உறைக்குள் செருகும் படத்தில் தடித்த வண்ணம் ஆகாது, ஒட்டிக்கொள்ளும்.

மரவில்லை பார்க்க அழகு, நடத்தையில் மோசம். மரம் காயும்போது வளையங்களின் சுற்றுவாக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த வித்தியாசத்தைத் தாங்காமல் விளிம்பிலிருந்து நடுவுக்கு ஒரு ஆப்பு வடிவ வெடிப்பு விழும். எந்தப் பிரைமராலும் இதைத் தடுக்க முடியாது. நன்றாகக் காய்ந்த வில்லையை மட்டும் எடுக்க வேண்டும். கிராம் காட்டும் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டு, மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாமலிருந்தால் எடுக்கலாம். வெடிக்க வேண்டியது அதற்குள் வெடித்திருக்கும், தப்பியதில் வரையுங்கள். வரைவதற்கு முன் அக்ரிலிக் மீடியம் இரண்டு கோட். இல்லையென்றால் மரத்தின் சாயம் ஈரமான கெஸ்ஸோ வழியே ஏறி வெள்ளையை மஞ்சளாக்கும்.

நீளவாக்கில் அறுத்த மெல்லிய பலகைக்கு இந்தத் தொல்லை இல்லை. 1889 ஆகஸ்டில் மெல்பர்னில் டாம் ராபர்ட்ஸ், ஆர்தர் ஸ்ட்ரீட்டன், சார்லஸ் காண்டர் முதலானோர் வைத்த கண்காட்சியின் பெயரே ‘9க்கு 5’. பெரும்பாலான படங்கள் அந்த அங்குல அளவுள்ள சுருட்டுப் பெட்டி மூடிகளில் வரைந்தவை. பிரெஞ்சு ஓவியர் ஸூராவும் அப்படிப்பட்ட சின்னப் பலகைகளில்தான் வெளியிடத்து ஆயில் குறிப்புகள் போட்டார். பலகையின் பழுப்பை மூடாமல் இடைவெளிகளில் விட்டுவிடுவது அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய உத்தி. உங்களிடம் பழைய மரப்பெட்டி ஏதாவது இருந்தால் வில்லையைவிட அது மேல்.

கல்லில் பயப்பட அதிகம் இல்லை. ஈர விரலால் தேய்த்தால் மணல் உதிரும் கல் வேண்டாம். சோப்பும் பிரஷும் கொண்டு தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு (தண்ணீரைத் தினம் மாற்றி), பிறகு ஒரு வாரம் நிழலில் காயவிடவும். ஊறவிடுவது உப்பு வெளியேற. உள்ளே தங்கிய உப்பு பின்னால் வெள்ளைப் பூவாக எழுந்து வண்ணத்தைத் தள்ளும். சீக்கிரம் காயட்டும் என்று அடுப்பில் வைக்காதீர்கள், உள்ளே சிக்கிய நீர் ஆவியாகிக் கல் தெறிக்கும். அக்ரிலிக் மீடியம் ஒரு கோட், வரையும் பகுதிக்கு மட்டும் கெஸ்ஸோ. சிலேட்டுக் கல் கிடைத்தால் விடாதீர்கள். இத்தாலிய ஓவியர் செபாஸ்தியானோ தெல் பியோம்போ 1530களிலேயே சிலேட்டில் ஆயில் வரைந்திருக்கிறார், அதன் கருமையே ஆழமான பின்னணியாக நிற்கும்.

---

ஈர_ஓரம்

அனுப்புவது பற்றி.

எத்தனை நாள் என்பதை நீங்கள் வரையும்போதே தீர்மானித்துவிடுகிறீர்கள், ஏனென்றால் அது நிறத்தைப் பொறுத்தது. அம்பர் வகைகளில் மாங்கனீஸ் இருப்பதால் மெல்லிய பூச்சு இரண்டு நாளில் தொடக் காயும். டைட்டானியம் ஒயிட் ஒரு வாரம் வரை எடுக்கும். ஐவரி பிளாக், அலிசரின், கேட்மியம் சிவப்பு இன்னும் மெதுவானவை. தடித்த பூச்சானால் எல்லாக் கணக்கும் மாறும். தபாலில் போகும் படத்தில் தூரிகைத் தடம் மேடாக நிற்க வேண்டாம். அம்பர் கலந்த அடிவண்ணத்தை டர்பன்டைனில் கரைத்து மெல்லியதாகப் போட்டு, மேலே வர வர எண்ணெயைக் கூட்டவும். தலைகீழாகச் செய்தால் மேலடுக்கு முதலில் இறுகி, அடியில் இன்னும் அசையும் எண்ணெய் அதை வெடிக்கவைக்கும். உலோகத்தில் இது சீக்கிரமே தெரிந்துவிடும், ஏனென்றால் கான்வாஸ்போல அடியிலிருந்து எண்ணெயை உறிஞ்ச அங்கே ஒன்றும் இல்லை. அதே காரணத்தால் தகரத்திலும் செம்பிலும் எண்ணெய் குறைவாகவே சேருங்கள்.

அவசரமென்றால் அல்கைட் மீடியம், வண்ணத்தில் கால் பங்குக்கு மிகாமல். மெல்லிய பூச்சு ஏறக்குறைய ஒரு நாளில் காய்ந்துவிடும். ஹேர் டிரையரும் வெயிலும் உதவாது, மேல்தோல் மட்டும் இறுகும். சிங்க் ஒயிட்டைத் தவிர்க்கலாம், அதன் படலம் நாளடைவில் நொறுங்கும் தன்மை கொண்டது. டியூபில் ‘ஒயிட்’ என்று மட்டும் பார்க்காமல் பின்னால் நிறமி விவரத்தைப் படியுங்கள், டைட்டானியத்தோடு சிங்க் கலந்து விற்பது சாதாரணம்.

கட்டலாமா என்று பார்க்க விரல் போதாது. படத்தின் மிகத் தடித்த இடத்தை, பெரும்பாலும் வெள்ளை ஒளிப்புள்ளி, நகத்தால் மெதுவாக அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் இன்னும் ஒரு வாரம். பொதுவாக மெல்லிய படத்துக்கு மூன்று நான்கு வாரம் கணக்கு வைத்தால் பதற்றம் இருக்காது. காயும் காலத்தில் பெட்டிக்குள் மூடி வைக்காதீர்கள், ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும். அப்படி மஞ்சளித்தால் வெளிச்சமுள்ள அறையில் சில நாள் வைத்தால் பெரும்பாலும் தெளியும்.

வார்னிஷ் இப்போது வேண்டாம். வழக்கமான வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். முன்கூட்டி அடித்தால் பின்னால் வார்னிஷை மாற்றும்போது வண்ணமும் சேர்ந்து கரையும். அங்கங்கே மங்கியும் மினுங்கியும் தெரிந்தால் ரீடச் வார்னிஷ் (முழு வார்னிஷுக்கு முன் போடும் இடைக்காலப் பூச்சு) ஒரு மெல்லிய கோட் போதும்.

பொட்டலம். வண்ணத்தின்மேல் எதுவும் படக்கூடாது என்பதுதான் நோக்கம். படத்தைவிட நாலாபுறமும் 2 செ.மீ. பெரிய தடித்த அட்டை ஒன்றில் படத்தைப் பின்பக்கமாக இரட்டைப்பக்க டேப்பால் நிறுத்தி, நான்கு மூலையிலும் படத்தைவிட 5 மி.மீ. உயரமான ஃபோம் துண்டுகளை ஒட்டி, அவற்றின்மேல் இன்னொரு அட்டையை வைத்துக் கட்டினால் உள்ளே ஒரு சின்ன அறை கிடைக்கும். டப்பா மூடியில் அதன் விளிம்பே இந்த வேலையைச் செய்துவிடும். உள்பக்கம் வரைந்திருந்தால் ஒரு அட்டையைக் கவிழ்த்து மூடினாலே போதும், அதனால்தான் மூடியில் எப்போதும் உள்பக்கம் வரையச் சொல்வது. ஏதாவது படத்தான் செய்யும் என்றால் சிலிக்கான் பூசிய பேக்கிங் பேப்பர் மட்டும். பபிள் ராப் நேரே பட்டால், வழியில் சூடேறும்போது வட்ட வட்டமாகத் தடம் பதியும், அதை நீக்க வழியில்லை. வெளிச்சுற்றுக்கு வேண்டுமானால் அதைப் பயன்படுத்துங்கள். கல்லைத் தனிப் பெட்டியில் அனுப்பவும். கூடவே செம்புத் தகட்டை வைத்தால் எது வளையும் என்று சொல்லத் தேவையில்லை. பட்டையோடு கூடிய மரவில்லை நாடு தாண்டிப் போவதென்றால் தாவர நோய்த்தடுப்பு விதிகளில் மாட்டலாம், அதை உள்நாட்டு முகவரிக்கே வைத்துக்கொள்ளவும்.

பின்பக்கத்தில் எழுத வேண்டியவை: பரப்பு எது, பிரைமர் எது, முடித்த தேதி, ‘வார்னிஷ் அடிக்கவில்லை, இன்ன மாதத்துக்கு முன் அடிக்க வேண்டாம்’. லெட் ஒயிட் (நச்சான ஈய வெள்ளை) பயன்படுத்தியிருந்தால் அதையும் கட்டாயம் எழுதுங்கள். சின்னப் பொருள், குழந்தை கையில் எடுத்து வாயில் வைக்கும் அளவுதான்.

அனுப்புமுன் படம் எடுப்பதாக இருந்தால், செம்பிலும் தகரத்திலும் வழவழப்பால் வெளிச்சம் அடிக்கும். இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒரே மாதிரி விளக்கு, கேமரா படத்துக்கு நேரே, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி. ஓரத்தில் ஒரு சாம்பல் அட்டை வைத்து எடுத்தால் நிறத்தைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

---

பழைய_தகரம்

காந்தம் வைக்கறதா இருந்தா ஒரு வார்த்தை. தகர மூடி தானாவே காந்தத்துல ஒட்டும், பின்னால எதையும் ஒட்ட வேண்டாம். செம்புக்கும் சீட்டுக்கும் வேணும்னா வரையறதுக்கு முன்னாடியே பின்பக்கம் எபாக்ஸி வெச்சு ஒட்டிடுங்க. முடிச்ச படத்தைக் கவுத்து அமுக்கி ஒட்டறது சரியா வராது.

அப்புறம் துணி. எண்ணெய் துடைச்ச துணியைக் கசக்கிக் குப்பைக்கூடைல போடாதீங்க. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு வரும், கசங்கின துணிக்குள்ள அந்தச் சூடு வெளியேற வழியில்லாம தானே தீப்பிடிக்கும். விரிச்சு வெளியில தொங்கவிட்டு விறைப்பா காஞ்சப்புறம் போடுங்க, இல்லேன்னா தண்ணி ஊத்தின மூடி போட்ட தகர டப்பாவுல போட்டு வையுங்க.